ஆடவர் தலைவழுக்கை

(சங்கரன்கோவிலில் நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இத்திங்கள் எப்பொருள் பற்றிப் பேசுவது என்று காரியதரிசி அவர்கள் வினவியபோது, தலைவழுக்கை பற்றிப் பேசுவேம் என்று விடையிறுத்தேம். கேட்டவர் பலர் நகைத்தனர். நகைத்தோர் சிலர் தம்மை அறியாமலே தம் தலையைத் தடவிக்கொண்டதையும் யாம் கண்டேம். நகைப்புக்கு இடமான பொருள்தான். ஆயினும் இதன்பொருட்டு நம்மவர் வீடுகளிற் செலவாகும் பணமும், இளைஞர் படும் மனத்துயரும், சென்னையில் ஓர் உயிர் போன வரலாறும் நகைப்புக்கு உரியன அல்ல. அவற்றை முறையே கூறுவாம்.

முதற்கண் ஒரு சொல். மயிர் என்பதை இவ்வவையில் வழங்க எவரும் கூசவேண்டா. தெருவில் வைது பேசுவார் வாயிற்பட்டு அது இழிந்ததேயன்றிப் பிறப்பால் இழிந்த சொல் அன்று. திருவள்ளுவர் மானம் என்னும் அதிகாரத்தில், நிலையினின்று தாழ்ந்தார்க்குத் தலையினின்று வீழ்ந்த மயிரை உவமை கூறியபோது இச்சொல்லையே ஆண்டார். ஆடவர் மயிரைக் குஞ்சி, பித்தை, பங்கி என்று வேறு பெயரிட்டு வழங்கியதும் நம் மொழியே. நம் பக்கத்தில் வழுக்கையைச் சொட்டை என்பர். நெற்றி மட்டும் மேலேறினால் ஏறுநெற்றி என்று மங்கலமாகச் சொல்லி, அறிவுக்கும் செல்வத்துக்கும் அறிகுறியாக்குவர். பிசிராந்தையார் யாண்டு பல கழிந்தும் தமக்கு நரையில்லாமைக்குக் காரணம் கூறிய புறநானூற்றுப் பாட்டை மாணாக்கரும் அறிவர். நல்ல மனைவியும் மக்களும் ஏவலரும் அரசனும் சான்றோரும் வாய்த்தமையால் கவலையற்று வாழ்ந்தார். நரை வரவில்லை என்றார். வழுக்கையோவெனின் கவலையுள்ளான் தலையிலும் கவலையில்லான் தலையிலும் ஒருபடித்தாகவே ஏறுகின்றது.

இனி, நம் பாட்டன்மார் காலத்தை நினைந்து பார்மின். அவருட் பலர் முன்தலையை மழித்துப் பின்னே குடுமி வைத்திருந்தனர். முன்தலையில் மயிரில்லாமை சவரக்கத்தியால் வந்ததோ இயற்கையால் வந்ததோ என்று காண்பார்க்குப் புலப்படாது. வயலுக்கும் சந்தைக்கும் போகும்போது தலையில் ஒரு உருமாலும் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிலே கிராப்பு பரவியது, குடுமி போயிற்று, உருமாலும் மெல்லப் போயிற்று. அன்று முதல் நெற்றியின் எல்லை எல்லார் கண்ணுக்கும் தெரியலாயிற்று. நம் நாட்டில் வழுக்கை பற்றிய நாணம் கிராப்போடு வளர்ந்தது என்பது எம் கருத்து. பிற நாடுகளில் அந்நாணம் மிகப் பழையது. உரோமாபுரியின் ஜூலியஸ் சீசர் பின்மயிரை முன்னே சீவி மறைத்தார் என்றும், தமக்களித்த சிறப்புக்களுள் எப்போதும் தலைமாலை அணியும் உரிமையையே பெரிதும் விரும்பினார் என்றும் அவர் சரிதம் எழுதினோர் கூறுவர். உலகை வென்றவர்க்கே அந்நிலை என்றால் நம் பிள்ளைகளை நோவது எங்ஙனம்?

மாந்தர் தலையில் ஏறக்குறைய 1,00,000 மயிர்கள் உள. ஒவ்வொன்றும் தோலினுள் அமைந்த ஒரு சிறு பையின் அடியிலிருந்து முளைக்கின்றது. தோலுக்கு மேலே நாம் காணும் மயிர் உயிரற்றது. உயிர் வேரில் மட்டுமே உண்டு. அவ்வேர் 2 முதல் 6 ஆண்டு வரை ஓயாது வளர்க்கும். திங்களுக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் நீளும். பின்பு இரண்டு மூன்று கிழமையிற் சுருங்கி, மூன்று திங்கள் அளவு ஓய்ந்திருந்து, பழைய மயிரை உதிர்த்துப் புதியதை முளைப்பிக்கும். எல்லா வேரும் ஒரே காலத்தில் ஓய்வதில்லை. ஆதலின் நாள்தோறும் 50 முதல் 100 மயிர் உதிர்தல் இயல்பு. சீப்பிற் கண்ட பத்து மயிரை எண்ணி எண்ணி வருந்துவார்க்கு இவ்வொரு கணக்கே பாதி மருந்தாகும்.

ஆடவர்க்குப் பெரும்பான்மையாக வரும் வழுக்கையில் நிகழ்வது வேறு. அங்கே மயிர் ஒருநாளில் உதிர்ந்து ஒழிவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் வளர்பருவம் குறுகுகின்றது. முளைக்கும் மயிர் முன்னையினும் மெல்லியதாய், குட்டையாய், நிறம் குன்றியதாய் வருகின்றது. முடிவிற் பூனைமயிர்போல் ஆகிக் கண்ணுக்குத் தோன்றாது மறைகின்றது. நெற்றியின் இருபுறமும், உச்சியும் முதலிற் குறையும். பிடரியும் காதோரமும் நிலைத்து நிற்கும்.

இதன் காரணத்தைக் கண்ட வரலாறு சுவையுடையது. கிரேக்க வைத்தியர் ஹிப்பாக்ரட்டீஸ் பெயரால் வழங்கும் நூலிலேயே, விதையடிக்கப்பட்ட ஆடவர்க்கு வழுக்கை விழுவதில்லை என்ற குறிப்பு உண்டு. 1942இல் அமெரிக்க உடற்கூற்றறிஞர் ஜேம்ஸ் ஹாமில்டன் என்பார் அதனை ஆராய்ந்து நிறுவினார். இளமையிலேயே விதை நீங்கியவர்க்கு வழுக்கை வரவில்லை. அவர்க்கு டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண்சுரப்பு நீரை மருந்தாகக் கொடுத்தபோது, குடும்பத்தில் வழுக்கை உடையார்க்கு மட்டும் மயிர் குறையலாயிற்று. குடும்பத்தில் அஃதில்லார்க்கு அந்நீரைக் கொடுத்தும் குறையவில்லை. ஆகவே இரண்டும் கூடினாலன்றி வழுக்கை இல்லை: ஆண்சுரப்பு ஒன்று, குலவழி வந்த இயல்பு மற்றொன்று. வழுக்கையர்க்குச் சுரப்பு மிகுதி என்று இதனாற் கொள்ளற்க. மற்றையோர்க்குள்ள அளவே அவர்க்கும் உண்டு. அச்சுரப்பு உடலில் ஒரு நொதியால் மாறி மேலும் வலிவுடைய வேறொரு நீராகின்றது. முன்தலையிலும் உச்சியிலும் உள்ள வேர்கள் அதற்கு இளகுகின்றன. பிடரியின் வேர்கள் இளகுவதில்லை.

தாயின் தந்தை தலையைப் பார்த்தாற் பேரன் தலை தெரியும் என்று நம் கிழவியர் கூறுவர். அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆண்சுரப்பை ஏற்கும் கூற்றுக்குரிய மரபணு தாய்வழியே மகனுக்கு வருகின்றது. ஆனால் அஃது ஒன்றே அன்று. பிரிட்டனில் 52,000க்கு மேற்பட்ட ஆடவரை ஆராய்ந்து 2017இல் வெளியிட்ட ஆராய்ச்சி, வழுக்கையோடு தொடர்புடைய 287 இடங்களை மரபணுத் தொகுதியிற் கண்டது. தந்தை வழியும் உண்டு. தாய் வழியும் உண்டு. இரு வழியிலும் உறவு கலந்த மணங்களை உடைய நாம் யாரைப் பழிப்பது? மாமன் தலையை மருமகன் பழிக்கலாகாது. நாளை அது அவன் தலையாகவும் இருக்கலாம்.

மயிர் உதிர்வதெல்லாம் இவ்வழுக்கையே என்று கருதுதல் பெரும்பிழை. மருந்து வேறுபடுவதால் இதனை ஊன்றிக் கேட்க வேண்டுகின்றேம். டைபாய்டு, டெங்கு முதலிய கடுஞ்சுரங்களின் பின்னும், பெரிய அறுவை வைத்தியத்தின் பின்னும், பட்டினி கிடந்து உடலைக் குறைத்த பின்னும், இரண்டு மூன்று திங்கள் கழித்து மயிர் கொத்துக் கொத்தாக உதிரும். 2020, 2021ஆம் ஆண்டுகளிற் கொரோனா கண்டு தேறியவர் பலர் இவ்வாறு அஞ்சி வைத்தியரிடம் ஓடினர். அதிர்ச்சியால் ஓய்வுக்குச் சென்ற வேர்கள் தாமே மீளும். ஆறு திங்களிற் பெரும்பாலும் சரியாகும். அந்த ஆறு திங்களில் எந்தத் தைலம் கையிற் கிடைத்ததோ அத்தைலத்துக்கே புகழ் போய்ச் சேர்கின்றது!

புழுவெட்டு என்பது பிறிதொன்று. காசளவு வட்டமாக, தோல் வழுவழுப்பாக, தலையிலோ தாடியிலோ மயிர் உதிரும். அங்கே புழுவும் இல்லை, வெட்டும் இல்லை. உடலைக் காக்கும் ஆற்றலே மாறுபட்டு மயிர்வேரைத் தாக்குவதால் வருவது அது. சிலர்க்குத் தானே முளைக்கும். சிலர்க்கு வைத்தியர் அவ்விடத்தில் ஊசி மருந்து இடுவர். பரவலாகத் தாக்கியதற்கு உட்கொள்ளும் புதிய மருந்துகளும் 2022 முதல் வந்துள்ளன. அவை வைத்தியர் கண்காணிப்பில் மட்டுமே கொள்ளத்தக்கன. பூண்டையும் வெங்காயத்தையும் தேய்த்துத் தோலைப் புண்ணாக்கிக்கொண்டு வரும் பிள்ளைகளைப் பள்ளியில் யாம் கண்டிருக்கின்றேம். பிள்ளைகளின் தலையில் செதில் படிந்து மயிர் ஒடிந்து விழுமாயின் அது காளான் வகையால் வரும் படை. உள்ளுக்கு மருந்து கொடுத்தாலன்றித் தீராது. இவையேயன்றித் தைராய்டுக் கோளாறும் இரத்தக் குறைவும் மயிரைக் குறைக்கும். உடற்பயிற்சிக் கூடங்களில் தசை பெருக்க இளைஞர் போட்டுக்கொள்ளும் ஊசிகளுட் பல ஆண்சுரப்பின் இனமே. தசையும் தலைமயிரும் ஒருங்கே வேண்டுவார் இதனை எண்ணிப் பார்ப்பாராக.

நம் ஊரார் பெரும்பாலும் தண்ணீரைப் பழிக்கின்றனர். ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீர் மயிரை முரடாக்கும், சிக்காக்கும், வேரைக் கொன்று வழுக்கையாக்குவதில்லை. அவ்வாறாயின் அதே நீரில் முழுகும் நம் பெண்டிர்க்கும் முன்தலை வெளுத்திருக்க வேண்டும். நம் ஊர்ப் பூச்சந்தை என்றோ மூடப்பட்டிருக்கும்! சங்கரநாராயணர் கோயிற் புற்றுமண்ணைச் சரும நோய்க்குப் பூசும் வழக்கத்தை யாவரும் அறிவர். வழிபாட்டில் யாம் தலையிடேம். புண்ணும் கீறலும் உள்ள இடத்தில் மண் படலாகாது என்றும், அதனோடு வைத்தியரிடமும் காட்டுக என்றும் மட்டும் கூறுவேம்.

எண்ணெய் பற்றிச் சொல்லாது விடின் தாய்மார்கள் எம்மை மன்னியார். தேங்காயெண்ணெய் நல்லதே. அது மயிரினுட் சென்று, கழுவும்போது அதன் புரதம் கரைந்து போவதைக் குறைக்கின்றது என்று ஆராய்ச்சியாளர் காட்டியுள்ளனர். கரிசலாங்கண்ணியும் செம்பருத்தியும் காய்ச்சிய எண்ணெய் மணமும் குளிர்ச்சியும் தரும். உள்ள மயிரை அழகு செய்யும் பொருள்கள் அவை. ஆண்சுரப்பால் நலிந்த வேரைத் தடிக்கச் செய்யும் என்று அவற்றை விற்பதே வஞ்சம். நம் நாட்டுச் சட்டமே இதனை அறிந்திருந்தது. 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளில் ஜே என்னும் ஓர் அட்டவணை உண்டு. அதிற் கண்ட நோய்களை எம் மருந்து தீர்க்கும் என்று எந்த மருந்தும் சொல்லிக்கொள்ளலாகாது. புற்றுநோய், கண்பார்வையின்மை முதலியவற்றோடு வழுக்கையும், புதுமயிர் முளைப்பித்தலும் அவ்வட்டவணையில் இடம்பெற்றன. அஃதிருக்கவும் பத்திரிகையிலும் கைப்பேசியிலும் விளம்பரம் குறைந்தபாடில்லை.

அவ்வாறாயின் மருந்தே இல்லையோ எனின், இரண்டு உள. இரண்டும் வேறு நோய் தேடியபோது கிட்டியவை. மினாக்ஸிடில் என்பது இரத்த அழுத்தத்துக்காக அமெரிக்காவில் 1979இல் ஒப்புதல் பெற்ற மாத்திரை. உண்டவர்க்கு முகத்திலும் கையிலும் மயிர் அடர்ந்து வளர்ந்தது. அதனைக் கண்டு தலையில் தடவும் நீராக்கி, 1988இல் வழுக்கைக்கு ஒப்புதல் பெற்றனர். நாள்தோறும் தடவ வேண்டும். முதற் சில கிழமையில் முன்னையினும் மிகுதியாக உதிரும். அதற்கு அஞ்சி விட்டவர் பலர். பயன் தெரிய நான்கு முதல் ஆறு திங்கள் ஆகும். நிறுத்தினால் வந்த மயிர் சில திங்களிற் போய்விடும். உச்சியில் மிகுதியும் பயன்படும். முற்றும் பளபளத்துப்போன இடத்தில் பயன்படாது.

மற்றொன்று பினாஸ்டிரைடு. டொமினிக்கன் குடியரசில் மேற்கூறிய நொதி பிறவியிலேயே குறைந்த குடும்பங்களைப் பற்றி 1974இல் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. அக்குடும்பத்து ஆடவர்க்கு முதுமையில் நீர்த்தடை செய்யும் சுரப்பி வீங்கவில்லை. முன்தலை மயிரும் பின்வாங்கவில்லை. அந்நொதியைத் தடுக்கும் மருந்தைச் செய்து 1992இல் சுரப்பி வீக்கத்துக்கும், 1997இல் சிறிய அளவில் வழுக்கைக்கும் அமெரிக்காவில் ஒப்புதல் அளித்தனர். பலர்க்கு மேலும் உதிராது நிற்கும். சிலர்க்கு ஓரளவு முளைக்கும். ஆனால் இது விளையாட்டுப் பொருள் அன்று. சிலர்க்கு இல்லற இன்பத்தில் நாட்டம் குறையும். சிலர்க்கு மனம் தளரும். தற்கொலை எண்ணம் இம்மாத்திரையின் தீவிளைவுகளுள் ஒன்று என்று ஐரோப்பிய மருந்து ஆணையம் 2025இல் உறுதிசெய்தது. கருவுற்ற பெண்டிர் இதன் உடைந்த மாத்திரையைக் கையால் தொடலாகாது. உண்போர் இரத்ததானம் செய்யலாகாது. மருந்துக் கடையில் தாமே கேட்டு வாங்கி உண்பது அறவே தவறு.

மூன்றாவது வழி மயிர் நடுதல். பிடரியின் மயிரை வேரோடு எடுத்து முன்தலையில் நட்டால், அது வந்த இடத்தின் இயல்பையே விடாது கொண்டிருக்கும் என்பதை நியூயார்க்கு வைத்தியர் நார்மன் ஆரன்ட்ரைக் 1959இல் எழுதி வெளியிட்டார். நாற்றங்காலிற் பறித்து வயலில் நடுவது போன்றதே. ஆனால் இங்கே நாற்றங்கால் சிறியது. பறித்த இடத்தில் மறுபடி முளைக்காது. இருபத்திரண்டு வயதில் முன்வரிசையை நட்டவனுக்கு, பின்னே உள்ளது தொடர்ந்து குறைய, நட்டது மட்டும் தீவுபோல் நிற்கும். வழுக்கை எத்துணை தூரம் போகும் என்று தெரியுமுன் நடலாகாது.

இது மயக்கமருந்து ஊசியோடு செய்யும் அறுவை வைத்தியம் என்பதைப் பலர் மறக்கின்றனர். 2016ஆம் ஆண்டு மே மாதம் சென்னையில் இவ்வாறு மயிர் நட்டுக்கொண்ட ஓர் இளைஞர் இரண்டு நாளில் இறந்தார். அவர் யார்? சென்னை மருத்துவக் கல்லூரியிற் படித்த மாணவர்; வயது 22. சின்னாளில் வைத்தியராகிப் பிறர் உயிரைக் காக்க வேண்டியவர். அவர் சென்ற நிலையம் முடிதிருத்தும் நிலையத்துக்குரிய உரிமம் மட்டும் பெற்றிருந்தது என்று அப்போது செய்தி வந்தது. மருத்துவம் கற்ற பிள்ளைக்கே எங்கே போவது என்று தெரியாமற் போயிற்றெனின், தறிக்கூடத்திலும் கடையிலும் வேலை செய்யும் நம் பிள்ளைக்கு எவ்வாறு தெரியும்? தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் விதித்த நெறிமுறையில், உரிய பயிற்சி பெற்ற தோல்வைத்தியரும் உருச்சீர் அறுவை வைத்தியருமே இதனைச் செய்யத்தக்கவர் என்றும், யூடியூப் படம் பார்த்தல் பயிற்சி ஆகாது என்றும் எழுத நேர்ந்தது. எழுத வேண்டிய நிலை வந்ததே போதாதா? ஆகவே நடுவதாயின், கத்தி பிடிப்பவர் பெயர் என்ன, பட்டம் என்ன, மூச்சுத் திணறினால் அவ்விடத்தில் யாது கருவி உண்டு என்று மூன்று கேள்வி கேட்பீராக. மழுப்புவாராயின் எழுந்து வந்துவிடுவீராக.

எம்மிடம் படித்த ஒரு பிள்ளையைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும், பெயர் வேண்டா. விசைத்தறி வீட்டுப் பிள்ளை. இருபத்தைந்து வயதுக்குள் உச்சி தெரிந்தது. வெளியூரில் ஒரு நிலையத்தார் ஒரு வருஷத்தில் நிறைந்த தலை என்று சொல்லி, தவணையிற் பணம் கட்டச் செய்தனர். தாயார் காதுத் தோட்டை அடகு வைத்தார். கொடுத்தது என்ன தெரியுமோ? மருந்துக் கடையிற் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் அதே தடவும் நீர், வேறு குப்பியில்! இதற்கிடையே பெண் பார்த்த மூன்றிடம் தட்டிப்போயிற்று. படத்திற் பார்த்த பையன் வேறு, நேரிற் பார்த்த பையன் வேறு என்று ஒரு வீட்டார் முகத்துக்கு நேரே சொல்லினர். அதன்பின் அவர் எந்த மணத்துக்கும் வரவில்லை. இரண்டு ஆண்டு ஆடித் தபசுக்கும் வரவில்லை. தம்பி, என்ன ஆயிற்று என்று யாம் வீட்டுக்கே சென்று கேட்டபோது தொப்பியைக் கழற்றாமலே பேசினார். அந்தத் தொப்பி எம் மனத்தை விட்டு அகலவில்லை. பின்பு தோல்வைத்தியரிடம் அழைத்துச் சென்றேம். அவர் உள்ளதை உள்ளபடி சொல்லினர்: இவ்வளவு மீளும், இவ்வளவு மீளாது. பிள்ளை இரண்டு நாள் யோசித்து, எல்லாவற்றையும் ஒட்ட வெட்டிக்கொண்டார். இன்னும் மணமாகவில்லை. ஆயினும் தோடு மீண்டது, தொப்பி போயிற்று.

அவரைத் தொப்பிக்குள் ஒளித்தவர் யார் என்று கேட்டால், அந்நிலையத்தார் பாதி, மறுபாதி நாம். நம் சங்கத்து வரன் பதிவேட்டில் தோற்றம் என்றொரு கட்டம் உண்டு. அதிலே சிலர் தலைமுடி நிறைவு என்று எழுதியிருப்பதை யாம் பார்த்தேம். கள்ளும் கடனும் உண்டா என்று கேட்கக் கூசுவோர் முடி உண்டா என்று கேட்கக் கூசுவதில்லை! அக்கட்டத்தை நீக்கிவிட வேண்டுமென்று காரியதரிசி அவர்களிடம் எழுத்து மூலம் விண்ணப்பித்துள்ளேம். அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் எடுத்துக்கொள்ளப்படும் என்றார்.

மயிர் திடீரென உதிர்ந்தாலும், வட்டமாகப் போனாலும், தோலில் அரிப்போ வடுவோ இருந்தாலும், இருபது வயதுக்குள் தொடங்கினாலும் காலந்தாழ்த்தாது தோல்வைத்தியரிடம் காட்டுக. பாளையங்கோட்டையில் உள்ள திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல்நோய்ப் பிரிவு உண்டு. தனியே போகக் கூசுவோர் காரியதரிசியிடம் பெயரைச் சொன்னாற் போதும். ஒரு சனிக்கிழமை காலையில் முதற் பேருந்துக்கு யாமே உடன் வருவேம்.